பால் சொசைட்டியில் ரெண்டு ரூபாய் குறைவு, அப்புறம் ஏன் அங்கேயே ஊற்ற வேண்டும்?

மோர்தானா மேகம்:
எங்கள் ஊர் கே.வி.குப்பம் பக்கம். வீட்டில் மூன்று மாடு, ரெண்டு கறவையில் இருக்கிறது. அம்மா இருபது வருடமாக ஊர் சொசைட்டியில்தான் பால் ஊற்றுகிறார். இப்போது ஒரு தனியார் வண்டி வாசலுக்கே வந்து லிட்டருக்கு ரெண்டு ரூபாய் கூடத் தருகிறேன் என்கிறது. சொசைட்டிக்கு என்றால் விடியற்காலை ஐந்தரைக்கே கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், போன மாதம் பணமும் பத்து நாள் தள்ளித்தான் வந்தது. தனியாருக்கே ஊற்றலாமே என்றால் "அது நம்ம சொசைட்டிடி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். நம்ம சொசைட்டி என்றால் என்ன அர்த்தம்? கூட்டுறவு என்பது அரசாங்க ஆபீஸா, கம்பெனியா? சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியவில்லை.

ஒடுகத்தூர் கேன்:
நான் வேறொரு ஊர்ப் பால் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா சொன்னது சரிதான்ம்மா. சங்கம் அரசாங்க ஆபீஸ் இல்லை. மாடு வைத்திருக்கிறவர்கள் பங்குத் தொகை கட்டிச் சேர்ந்து நடத்துவது. ஊர்ச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்தது வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற ஒன்றியம், ஒன்றியங்கள் சேர்ந்தது சென்னையில் இருக்கிற இணையம், அங்கிருந்து ஆவின் என்ற பெயரில் பாக்கெட் வெளியே போகிறது. விலையை அரசு அறிவிக்கிறது, கணக்கை அதிகாரி பார்க்கிறார், அதனால்தான் எல்லோரும் இதை அரசாங்கக் கடை என்று நினைத்துவிடுகிறார்கள்.

கம்பெனியில் யார் கையில் பங்கு அதிகமோ அவர் பேச்சுதான் எடுபடும். சங்கத்தில் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. வருடக் கடைசியில் லாபம் நின்றால் சட்டப்படி ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிட்டு, யார் எவ்வளவு பால் ஊற்றினார்களோ அந்தக் கணக்கில் போனஸ் போடுவோம். தனியார் லாபம் ஊருக்குத் திரும்பி வராதும்மா.

அந்த ரெண்டு ரூபாய்க்கு வருகிறேன். எதை விட ரெண்டு ரூபாய் கூட? சொசைட்டி விலையை விடத்தானே. சொசைட்டி மூடிப்போன ஓர் ஊரை மலையடிவாரத்தில் பார்த்திருக்கிறேன், அங்கே அதே வண்டிக்காரர் எங்கள் ஊரில் கொடுத்ததை விட நாலு ரூபாய் குறைத்துக் கொடுத்தார், கேட்க ஆள் இல்லை. மழைக்குப் பிறகு பசும்புல் வந்து எல்லா வீட்டிலும் பால் பொங்குகிற மாதங்களில் தனியார் விலையை இறக்குவார், இல்லை "இன்றைக்கு வேண்டாம்" என்பார். 2020 ஊரடங்கில் டீக்கடை எல்லாம் மூடினபோது எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த வண்டி நின்றே போனது. அதுவரை எங்கள் பக்கமே திரும்பாதவர்கள் கேனோடு வரிசையில் நின்றார்கள். எடுத்துக்கொண்டோம், வேறு என்ன செய்வது, ஊர்ப் பால்தானே.

இன்னொன்று, வாசலில் எடுக்கிறவர் எப்படி அளக்கிறார் என்று பாருங்கள். பாலின் அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டரை மட்டும் விட்டு டிகிரி பார்த்தால் நல்ல பாலுக்கும் அடி விழும். கொழுப்பு தண்ணீரை விட லேசு, அதனால் கொழுப்பு அதிகமான பாலில் கருவி கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும், "தண்ணி கலந்திருக்கு" என்று சொல்லிவிடலாம். ஃபேட் என்கிற கொழுப்பும், எஸ்.என்.எஃப் என்கிற கொழுப்பு தவிர்த்த திடப்பொருளும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயமான விலை. சொசைட்டியில் கேனைக் கலக்கிவிட்டு மாதிரி எடுக்கிறார்களா, மெஷினில் வருகிற எண்ணும் சீட்டில் எழுதுகிற எண்ணும் ஒன்றா என்று அம்மாவைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அது அவர் உரிமை.

இது ஏன் வந்தது என்றால், குஜராத்தில் கேடா மாவட்டத்துக்காரர்களுக்கு வாங்குகிறவர் கிட்டத்தட்ட ஒருவர்தான், அவர் சொன்னதுதான் விலை. 1946இல் பாலைத் தர மாட்டோம் என்று பதினைந்து நாள் நிறுத்தினார்கள். திரிபுவன்தாஸ் படேல் ஊர் ஊராகச் சங்கம் சேர்த்தார், அதுதான் அமுல். ஒரு நாள் வைத்திருந்தால் கெட்டுப்போகிற பொருளை விற்கிறவன் தனியாளாக எப்படிப் பேரம் பேசுவான்?

குடியாத்தம் தறி:
எங்களுக்கும் இதே கதைதான். முதலாளி நூல் தருவார், முன்பணம் தருவார், அந்தக் கடன் தீருகிற வரை வேறு யாருக்கும் லுங்கி நெய்ய முடியாது. அப்பா நெசவாளர் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் கூலி என்ன என்று பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்தோம். நெய்ததை விற்றுக் கொடுக்க 1935லேயே நெசவாளர் சங்கங்களின் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் வந்துவிட்டது. ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், சரக்கு தேங்கினால் கூலி தள்ளிப்போகும், ரெண்டு தீபாவளி அப்படிப் போயிருக்கிறது. அந்த வலி எனக்குத் தெரியும்.

காட்பாடி ஜங்ஷன்:
ஒடுகத்தூர் ஐயா சொன்னது எல்லாம் சரி, ஒன்று மட்டும் விட்டுவிட்டார். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது தேர்தல் நடந்தால்தானே? தமிழ்நாட்டில் 1976இல் கூட்டுறவு நிர்வாகக் குழுக்களைக் கலைத்தார்கள், மறுபடி தேர்தல் 1996இல்தான். இருபது வருடம் அரசு போட்ட தனி அலுவலர்தான் நடத்தினார். ஒரு தலைமுறைக்கே 'நம்ம' என்ற எண்ணம் போய்விட்டது, அதை இன்னும் முழுசாக மீட்கவில்லை என்பது என் கருத்து. பணம் ஏன் பத்து நாள் தள்ளியது என்பதைப் உறுப்பினர்கள் எல்லோரும் கூடுகிற பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும், பதில் சொல்லியே ஆக வேண்டும். முதலில் உறுப்பினர் அட்டை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

மோர்தானா மேகம்:
பார்த்தேன். அட்டை அப்பா பெயரில். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் பால் கறந்தது, கேனைத் தூக்கியது, நின்று ஊற்றியது எல்லாம் அம்மா, சீட்டில் வருவது அப்பா பெயர். போனஸும் அதே பெயரில்தான் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அம்மா உறுப்பினரே இல்லையா?

ஒடுகத்தூர் கேன்:
இப்போதைக்கு இல்லைம்மா, ஓட்டும் இல்லை. நிறைய வீட்டில் இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவின் ஆதார், ஒரு மனு. நியமனதாரராக, அதாவது நாமினியாக, அம்மா பெயர் இருக்கிறதா என்று பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், இருந்தால் வேலை சுலபம். மனுவைக் கையில் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

மோர்தானா மேகம்:
சரிங்க ஐயா. நாளைக் காலை நானும் கேனோடு போகிறேன்.