மறு: ஆஸ்டியோகிளாஸ்டுக்கு ‘எலும்புகொத்தி’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய எலும்பைக் கரைத்தெடுக்கும் செல்லான ஆஸ்டியோகிளாஸ்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில், நேற்றைய மடல்களில் ‘எலும்புருக்கி’, ‘எலும்பழிப்பான்’ என்று இரண்டு சொற்கள் வந்திருந்தன. முதலாவதை உடனே தள்ளிவிடலாம். எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் எலும்புருக்கி என்றால், யாருக்கு டிபி என்றுதான் கேட்பார்கள்.

‘அழிப்பான்’ அந்த செல்லை வில்லனாக்கிவிடுகிறது. பழைய எலும்பை அது எடுத்தால்தானே புதியது அமையும்? வளர்ந்தவர் உடலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீத எலும்பு இப்படி மாறுகிறது. இந்த செல் வேலை செய்யாவிட்டால் எலும்பு தடித்து, பார்க்கக் கெட்டியாக இருந்தும் சுலபமாக முறியும்; மஜ்ஜைக்கும் இடமிருக்காது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, இதே செல் அளவுக்கு மீறி வேலை பார்த்து எலும்பு மெலிவது வேறு கதை.

போன மாதம் வீட்டில் பூச்சு வேலை. உப்புக்காற்றில் சுவர் பொரிந்து உதிர்ந்திருந்தது. கொத்தனார் உளியால் சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொத்திக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிற இடத்தையும் ஏன் என்று கேட்டேன். “கொத்தி விடாம பூசினா பேத்துக்கினு வந்துடும் சார்.” ஆஸ்டியோகிளாஸ்ட் ஒட்டி நின்ற இடத்திலும் இப்படித்தான் சிறு குழி விழுகிறது. புது எலும்பு கட்டும் செல்லான ஆஸ்டியோபிளாஸ்ட் வந்து அந்தக் குழியில் பூசுகிறது: முதலில் கொலாஜன் என்ற நார்ப்புரதம், அப்புறம் அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகின்றன. கொத்தச் சில வாரம், பூசி இறுகச் சில மாதம்.

ஆகவே ‘எலும்புகொத்தி’. மரங்கொத்தியும் மீன்கொத்தியும் தெரிந்த பள்ளிப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். (இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது. யாரும் ‘க்’ போட்டுத் திருத்த வேண்டாம்.) அமிலமும் நொதியும் விட்டுக் கரைப்பதைக் கொத்துவது என்று சொல்லலாமா என்பீர்கள். 1873இல் உடற்கூறியல் அறிஞர் கோலிக்கர் இந்த செல்லுக்குப் பெயரிட எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லுக்கும் ‘உடைப்பது’ என்றுதான் பொருள்.

ஆஸ்டியோபிளாஸ்டுக்கு ‘எலும்புகட்டி’ என்று எழுதி வைத்திருந்தேன். மகள் எட்டிப் பார்த்து, “யாருக்குப்பா கட்டி?” என்றாள். சரி என்று அடித்துவிட்டு ‘எலும்பாக்கி’ ஆக்கினேன்.

இன்னும் ஒன்று பாக்கி. எலும்பாக்கிகளில் சில, தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட் ஆகின்றன. பாரம் எங்கே விழுகிறது என்று உள்ளிருந்தே உணர்ந்து, கொத்திக்கும் ஆக்கிக்கும் சேதி அனுப்புகின்றன. எலும்பில் உறைவது என்ற பொருளில் ‘எலும்புறை செல்’ என்று யோசித்தேன்; ஆனால் ‘உறை’ என்றதும் தலையணை உறைதான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.