யூஏபி: தமிழில் என்ன சொல்வது?

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்புடையீர், வானில் கண்டும் இன்னதென்று அடையாளம் தெரியாதவற்றை ஆங்கிலத்தில் யூஏபி (unidentified aerial phenomena) என்கிறார்கள். அவற்றைக் குறித்து அமெரிக்கத் தேசிய உளவுத்துறை இயக்குநர் அலுவலகம் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையைப் பற்றி மாலை வகுப்புக்கு எழுதிய வாசிப்புப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் யூஏபியை 'அறியா வான்நிகழ்வு' என்று எழுதியிருக்கிறேன். மாணவர்களோ பிரெஞ்சு வழக்கில் 'ஓவ்னி' (அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்) என்கிறார்கள். எது தகும்?

டர்பன்

அம்மையீர், 'ஓவ்னி' வேண்டவே வேண்டாம். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' (செலுத்துவோன் இல்லாமல் செல்லும் வான ஊர்தி) இருக்கிறது. 'ஏவா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதாவது 'ஏவாத' என்பதன் கடைசி எழுத்துக் குறைந்த வடிவம். அதே வாய்பாட்டில் 'இனமறியா வானூர்தி' என்க. இங்கே இரண்டு தலைமுறைகளில் வீட்டுத்தமிழை இழந்தோம். வாங்கிய சொல் திரும்பிப் போவதில்லை.

சேன்-தெனி, ரெயூனியன்

ஐயா, அந்த ஊர்தி நல்வினை முடித்தவர் விசும்பில் எய்துவது. 'ஊர்தி' என்றதும் செலுத்துவோன் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் போய்விடுகிறோம். அந்த அறிக்கை எடுத்துக்கொண்ட 144 நிகழ்வுகளில் உறுதியாக அடையாளம் தெரிந்தது ஒன்றே. அது காற்றிறங்கிக்கொண்டிருந்த பெரிய பலூன்.

என் மறுப்பு 'அறியா' என்பதன்மேல். அறியாதவர் யார்? 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் வானில் இனந்தெரியாத பொருளைக் கண்டதாக வந்த முறையீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு யூ-2 முதலான உளவு விமானங்களே காரணம் என்று சிஐஏவின் 1997ஆம் ஆண்டு வரலாற்றுக் கட்டுரை சொல்கிறது. அம்முறையீடுகளை விசாரித்த விமானப் படையின் புளூ புக் திட்டத்தார், சிஐஏவின் யூ-2 திட்டப் பணியாளர்களிடம் கேட்டுப் பலவற்றின் உண்மையைத் தெரிந்துகொண்டார்கள் என்றும், அதைப் பொதுமக்களுக்கு வெளியிடாமல் கவனமாக இருந்தார்கள் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. அரசு அறிந்து மறைத்ததை நாம் 'அறியா' என்று எழுதினால், அந்தக் கரவுக்கு நம் இலக்கணம் துணைபோகும்.

இத்தகைய காட்சிகளை விசாரிக்கும், பிரான்சு விண்வெளி நிறுவனத்தின் கீழ் தூலூஸில் இயங்கும் கேய்பான் அமைப்பு, போதிய தகவல் இல்லாதவற்றையும் விசாரித்தபின்னும் விளங்காதவற்றையும் தனித்தனி வகுப்பில் வைத்து, 2007 முதல் கோப்புகளை எவரும் படிக்கத் திறந்துவைத்திருக்கிறது. இந்த நேர்மை நம் சொல்லுக்கும் வேண்டும். காண் என்பதன் பிறவினை காட்டு. 'இனங்காட்டப்படாத் தோற்றப்பாடு' என்றால், எவரும் காணாததும் கண்டவர் காட்டாததும் இரண்டும் அடங்கும். 'தோற்றப்பாடு' இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல்.

டர்பன்

இலக்கணம் சரி. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நாவில் இது நிற்குமா? 'இனங்காணா வான்தோற்றம்' என்று சுருக்குவோம். 'ஊர்தி'யை விட்டுக்கொடுக்கிறேன்.

ரோஸ் ஹில்

தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் இதையே ஒப்பியதால் 'இனங்காணா வான்தோற்றம்' அச்சுக்குச் செல்கிறது. யூ-2 செய்தியைப் பாடத்திலேயே ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன். வகுப்பில் 'ஓவ்னி' என்பவரைத் திருத்தப்போவதில்லை.

சேன்-தெனி

பத்திக்கு நன்றி. சொல்லுக்கு என் உடன்பாடு இல்லை. 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டமே இத்தொடரிலிருந்து 'வான்' என்பதை எடுத்துவிட்டு, 'இயல்புக்கு மாறான' என்று பொருள்படும் சொல்லை வைத்தது. கடலிலும் விண்வெளியிலும் காண்பவை இப்போது அதில் அடங்கும். அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.