புதுப்பிப்பு: ஜன்னல் மாற்றும் விஷயம் முடிவாகிவிட்டது

பழைய மர ஜன்னல்களுக்குப் பதிலாக யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டமா, அலுமினியச் சட்டமா என்று கேட்டிருந்தேன். யுபிவிசிதான். அலுமினியம் சூட்டை எளிதில் கடத்தும். நடுவே வெப்பத்தடுப்புப் பட்டை வைத்த வகை எங்கள் கைக்கு எட்டவில்லை.

ஆனால் சட்டத்தைவிடக் கண்ணாடிக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. மேற்குப் பக்கம் வெயில் நேராக விழுகிறது. பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடி அந்தச் சூட்டைப் பெரிதாகத் தடுக்காது என்பதால், வெயிலை மட்டுப்படுத்தும் லோ-இ பூச்சும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். யு-மதிப்பை (உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் ஜன்னல் வழியே எவ்வளவு சூடு கடக்கும் என்ற அளவு) மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், எஸ்எச்ஜிசி எண்ணையும் (வெயிலின் சூட்டில் எவ்வளவு பங்கு உள்ளே வரும் என்ற அளவு) கேளுங்கள். வெயில் அடிக்கும் பக்கத்துக்கு அது குறைவாக இருக்கவேண்டும்.

தெருப்பக்க அறைக்கு மட்டும், சத்தத்தைக் குறைக்க, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி.

நீங்கள் பலரும் சொன்னபடி ஸ்லைடிங்கை விட்டுவிட்டேன். கீல் வைத்த கதவு மூடும்போது ரப்பர்மேல் இறுக அழுந்துகிறது, தூசி அவ்வளவாக நுழையாது. மிக்க நன்றி! அடுத்த வாரம் அளவெடுக்க வருகிறார்கள்.