சின்ன ஆபரேஷனுக்கு எந்த மயக்க கேஸ்? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அனுபவங்க

நான் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் போய் மயக்கம் குடுக்கற டாக்டர். குழந்தைங்க ஹெர்னியா, சுன்னத், சீழ்கட்டி, மாமரத்துல ஏறி விழுந்து கை ஒடஞ்சது, இப்படி அரைமணி நேர ஆபரேஷன்தான் நெறைய. முன்ன ஹாலோத்தேன்ங்கற மயக்க கேஸ்தான், மாஸ்க் வச்சா குழந்தை இருமாது, ஆனா ஹார்ட் துடிப்பு தாறுமாறாகும், அபூர்வமா லிவரையும் கெடுக்கும், முழிக்கவும் லேட். ரத்தத்துல கரையற அளவு அதுக்கு 2.4, மத்த மயக்க கேஸுங்கள்ல ஐசோஃப்ளுரேனுக்கு (ஐசோ) 1.4, செவோஃப்ளுரேனுக்கு (செவோ) 0.65, டெஸ்ஃப்ளுரேனுக்கு (டெஸ்) 0.42. எவ்ளோ கம்மியா கரையுதோ அவ்ளோ சீக்கிரம் மயக்கம் ஏறும், வேப்பரைசர (திரவ மருந்த ஆவியாக்கி அனுப்பற கருவிய) மூடுனா அதே மாதிரி சீக்கிரம் தெளியும்.

அப்ப டெஸ்தானே பெஸ்ட்னு ஜூனியர் பசங்க கேக்கறாங்க. இல்லப்பா, முழிச்சிருக்கற குழந்தை மூக்குல அத வச்சுப் பாரு, நெடி தாங்காம மூச்சப் பிடிக்கும், இருமும், குரல்வளை இறுகிக்கும், ஆக்சிஜன் சடசடன்னு எறங்கும். ஐசோவும் நெடிதான், வெல கம்மி, ஊசில தூங்க வச்சதுக்கப்புறம் பெரியவங்களுக்கு தாராளமா குடுக்கலாம். டெஸ் கொதிக்கறதே 23 டிகிரில, நம்ம ஊரு சித்திர வெயில்ல சாதா வேப்பரைசர் எப்படித் தாங்கும், கரண்ட்ல சூடாகற தனி வேப்பரைசர் வேணும். இவ்ளோ பண்ணியும் அரைமணி நேர ஆபரேஷன்ல செவோவ விட சில நிமிஷம்தான் மிச்சம். குழந்தைக்கு என் கை நெடி கம்மியான செவோவுக்குத்தான் போகும்.

—

சார், நாங்க பென்னாகரம். பையனுக்கு செவோதான் குடுத்தாங்களாம், ஆபரேஷன் நல்லா முடிஞ்சது, ஆனா முழிச்சதும் என்னையே அடையாளம் தெரியாம கத்தறான், ஒதைக்கறான், கையில இருந்த ட்ரிப்ஸ் ஊசியப் புடுங்கறான், மூளைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நானும் எங்க மாமியாரும் அழுதுட்டோம். கொஞ்ச நேரத்துல அவனா தூங்கி எழுந்து பால் கேட்டான். முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

—

அக்கா, நான் தர்மபுரில தியேட்டர் நர்ஸ். செவோ குடுத்த சின்னப் பிள்ளைங்ககிட்ட, முக்கியமா பள்ளிக்கூடம் போகாத வயசுல, இது அடிக்கடி பாக்கறதுதான், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள்ள அடங்கிடும். வலி மருந்த முன்னாடியே சரியா குடுத்து, முடியற நேரம் கொஞ்சம் புரோபோஃபால்ங்கற மயக்க ஊசி போட்டா நெறைய கொறையுது. நீங்க கேட்டது நியாயம்க்கா, அம்மாகிட்ட முதல்லயே சொல்லி, முழிக்கும்போது பக்கத்துல நிக்க விடணும். சாப்பாடு 6 மணி நேரம், தண்ணி 2 மணி நேரம் முன்ன நிறுத்தணும், பாவம் அழுவுதேன்னு ஒளிச்சு பிஸ்கட் குடுத்துடாதீங்க. அப்புறம் வீட்டுல யாருக்காவது மயக்கம் குடுத்தப்ப காய்ச்சல் ஏறி ஒடம்பு வெறச்சுப் போயிருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க, அந்தக் குடும்பத்துக்காரங்களுக்கு இந்த நாலு மயக்க கேஸுமே ஆகாது.