ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தேடலில் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இந்தப் பருவம் முதல் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், ஜேஸ்டோர் ஆகிய மூன்று ஆய்வுக் கட்டுரைத் தளங்களும் கிடைக்கின்றன. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எனக்கு இது பெரிய வரம்.

சிக்கல் தேடலில்தான். இரண்டு சொற்கள் ஐந்து சொல் இடைவெளிக்குள் அருகருகே வர வேண்டுமென்றால் வெப் ஆஃப் சயின்ஸில் 'நியர்/5', ஸ்கோபஸில் 'டபிள்யூ/5' என்று கொடுக்க வேண்டும். அதுவரை சரி. ஆனால் ஃபுளோரைடோடு கிரவுண்ட்வாட்டர், அக்விஃபர் (நீர் தாங்கும் நிலத்தடி அடுக்கு), வெல் வாட்டர் எல்லாவற்றையும் 'ஆர்' (அல்லது) போட்டுச் சேர்த்தால் பல் மருத்துவக் கட்டுரைகள் வந்து குவிகின்றன. 'டென்டல்' என்ற சொல்லை விலக்கிப் பார்த்தேன். பல் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல்லில் கறை படிதல்) பாதிப்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கும் அருமையான நீரியல் கட்டுரைகளும் சேர்ந்தே காணாமல் போகின்றன! சொல்லை விலக்குவதைவிடப் பாடப்பிரிவு வடிகட்டி பாதுகாப்பானதா? முறைப்படி இலக்கிய மீளாய்வு செய்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், இரண்டு தளங்களிலும் ஒரே கட்டுரை வருகிறது. மேற்கோள்களைச் சேமிக்கும் ஸோடெரோ மென்பொருளில் இரட்டைப் பதிவுகளை நீக்கும்போது டிஓஐ (கட்டுரையின் நிரந்தர அடையாளக் குறியீடு) இல்லாத பழைய கட்டுரைகளை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?

நூலகத்தில் ஆய்வு உதவி நூலகரைத் தனியாகச் சந்திக்கவும் நேரம் ஒதுக்கித் தருகிறார்கள். அடுத்த வாரம் போகிறேன். தேடல் வாக்கியம், ஏற்கெனவே கிடைத்த முக்கியக் கட்டுரைகள் தவிர வேறு என்ன கொண்டுபோனால் அவருக்கு வசதியாக இருக்கும்? நூலகர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்கள் பதில் எனக்கு மிகவும் உதவும்.