புதுப்பிப்பு: கதைக்குள் இன்சுலின் போடும் பிள்ளைகள்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளை கதாபாத்திரமாக வரும் சிறுவர் கதைகள் உண்டா என்று என் மகளுக்காக இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வாங்கியது, பலரும் சொன்ன ‘பேபி-சிட்டர்ஸ் கிளப்’. 1986-இல் தொடங்கிய வரிசை. அதில் வரும் ஸ்டேஸி கணக்கில் கெட்டிக்காரி, நன்றாக உடுத்துவாள், சர்க்கரை நோயும் உண்டு. தோழிகளிடம் அவள் முதலில் அதை மறைக்கும் இடத்தை மகள் இரண்டாம் முறை படித்தாள். அப்புறம் ஒரே கேள்வி: “இவ கையில சென்சார் எங்கப்பா?” உடலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைக் காட்டும் அந்தக் கருவி அந்தக் காலத்தில் ஏது!

வேறொரு கதையை நான் பாதியில் மூடிவிட்டேன். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கும் பையனுக்கு நண்பன் ஓடிவந்து இன்சுலின் போடுகிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள். இன்சுலின் சர்க்கரையை இன்னும் இறக்கும், உயிருக்கே ஆபத்து. நினைவு இருந்தால் குளுக்கோஸோ சாறோ கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல், சர்க்கரையை ஏற்றும் மருந்தான குளுக்ககான் கொடுத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சிறுவர் கதைதானே என்று விட முடியுமா? படிக்கும் பிள்ளை அப்படியே செய்தால்?

நிறைய இனிப்பு தின்றதால் வந்தது என்று சொல்லும் கதைகளையும் ஒதுக்கிவிட்டேன். டைப் 1 அப்படி வருவதில்லை; இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது.

சரி, துப்பறியும் கதை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்து அதுதான் வேண்டுமாம்.