உதவி: சிவப்புப் படகுதான் முக்கியம், ஆனால் கண் மஞ்சள் வலைக்குப் போகிறது

கேள்வி
16×20 அங்குல கேன்வாஸ், அக்ரிலிக். நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் காட்மியம் ரெட்டில் படகு. பின்னால் கடல்: அல்ட்ராமரின் நீலமும் கொஞ்சம் வெள்ளையும். இடது கீழ் மூலையில் மஞ்சள் வலைக்குவியல். பார்க்கிற எல்லோர் கண்ணும் முதலில் வலைக்குத்தான் போகிறது. கடலை அடக்க கறுப்புக் கலந்தேன், சேறாகிவிட்டது. வலையில் கலந்தால் பச்சையாகிறது. முழுக்க அழிக்காமல் சரிசெய்ய முடியுமா?

தூரிகை
முடியும். படத்தை போனில் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக்குங்கள். போன் சிவப்பை அதன் இஷ்டத்துக்குக் காட்டும், அதனால் கண்ணை இடுக்கியும் பாருங்கள். படகும் கடலும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்ளும், வலை மட்டும் வெளுப்பாக நிற்கும். சிவப்பும் நீலமும் எவ்வளவு மோதினாலும், வெளிர்-அடர் வித்தியாசம் இல்லாவிட்டால் உருவம் பிரியாது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் வரைந்த சூரியோதயப் படத்தில் ஆரஞ்சுச் சூரியனும் சாம்பல் வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவுதான். அங்கே சூரியன் துடிப்பதற்கு அது உதவுகிறது. உங்கள் படகுக்கு உதவாது.

கறுப்பில் பெரும்பாலும் நீலச்சாயல் உண்டு, மஞ்சளோடு சேர்ந்தால் ஆலிவ் பச்சைதான் வரும். வலையை யெல்லோ ஆக்கரும் (மண் மஞ்சள்) துளி ஊதாவும் கலந்து மங்க வையுங்கள். டையாக்சசின் ஊதா என்றால் ஊசிமுனையளவு போதும், அவ்வளவு வீரியம். கடலுக்குப் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு): 1 பங்குக்கு, நிறத்தை ஒளி ஊடுருவும்படி இளக்கும் கிளேஸிங் மீடியம் 5 பங்கு சேர்த்து மெல்லிய பூச்சாக (கிளேஸ்) கொடுங்கள்.

நீலக்கல்
வலைக்குச் சொன்னது சரி. கடலுக்கு கிளேஸ் வேண்டாம். அது கீழே இருப்பதை மேலும் அடர்த்தியாக்கும், படகு இன்னும் அமுங்கிப்போகும். இங்கே கடல் வெளுக்க வேண்டும். அல்ட்ராமரின் 5 பங்கு, பர்ன்ட் சியன்னா 1 பங்கு கலந்து சாம்பல் நீலமாக்குங்கள். அதில் டைட்டானியம் ஒயிட்டை, படகைவிடத் தெளிவாக வெளுப்பாகும்வரை சேருங்கள். பிரஷைத் துணியில் நன்றாக ஒற்றிவிட்டு, படகைச் சுற்றியுள்ள கடலில் அந்த அரை ஈரப் பிரஷால் தேயுங்கள். ஓரங்களுக்குப் போகப்போக விட்டுவிடுங்கள், பழைய நீலம் அங்கேயே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: அக்ரிலிக் காய்ந்ததும் கறுக்கும். ஈரத்தில் பால்போல இருக்கும் பசை காய்ந்து தெளிவதுதான் காரணம். தாளில் ஒரு தீற்றல் இட்டு, காயவைத்துப் பார்த்தபின் கேன்வாஸுக்குப் போங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. படகை ஒட்டிய மணலை வெறும் சாம்பலாகத்தான் கலந்தேன். அங்கே மட்டும் பச்சையாகத் தெரிகிறதே?

தூரிகை
கலவையில் தப்பில்லை. அழுத்தமான சிவப்புக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பலும் அதன் எதிர்நிறத்தை, அதாவது பச்சைச் சாயலை, வாங்கிக்கொள்ளும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். மணலில் துளி சிவப்பு சேருங்கள், நடுநிலையாகிவிடும். கடல் விஷயத்தில் நீலக்கல் சொல்வதே சரி, என் கிளேஸை விட்டுவிடுங்கள்.

நீலக்கல்
கேன்வாஸைத் தொடுமுன் மெல்லிய கண்ணாடித்தாளைப் படத்தின்மேல் ஒட்டி, புதுக் கடலையும் வலையையும் அதில் பூசிப் பாருங்கள். ஆறடி தள்ளி நின்று கண்ணை இடுக்கும்போது படகு முதலில் பிரிந்தால் அந்தக் கலவையையே எடுங்கள். இன்னும் வலை முந்தினால், வலையைத்தான் ஒரு படி அடர்த்தியாக்க வேண்டும். படகின் சிவப்பில் கைவைக்காதீர்கள்.